முள்ளந்தண்டு முறிந்தவரும் மலங்கழிக்கும் ஒழுங்கும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்புகும் விஷயம் சபையிற் பேசத்தக்கதுதானா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நமது செயலாளரும் தலைப்பைக் கேட்டதும் சிறிது தயங்கினார். "முள்ளந்தண்டு நோய்கள் என்று பொதுவாகப் போட்டால் என்ன, ஐயா?" என்றார். வேண்டாம், உள்ளபடியே போடுங்கள் என்றேன். மலம் என்ற சொல்லை வாயால் உரைக்க நாம் கூசுவதனாலேயே நம் ஊர்களிற் பலர் பின்னறையில் முடங்கிக் கிடக்கிறார்கள். கால் நடவாமையால் முடங்கினார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களைத் தனியே இருந்து கேட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலி இருக்கிறது. தள்ளத் தம்பி இருக்கிறான். கலியாண வீட்டு அழைப்பும் வந்திருக்கிறது. ஆயினும் போவதில்லை. "சபை நடுவே சாரம் பழுதாகிவிட்டால் என்ன செய்வேன்?" என்ற அச்சமே காரணம். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக்கூட முதல் நாளிலிருந்தே உண்ணாமற் கிடந்து, மயங்கும் நிலையில் வந்து சேர்கிறார்கள்.

இந்த அச்சத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். அதற்கு வேண்டியது விலையுயர்ந்த மருந்தன்று. ஒரு மணிக்கூடும், ஓர் ஒழுங்கும், கூச்சமின்றிப் பேசும் ஒரு வீடுமே. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முள்ளந்தண்டு முறிவு எவருக்கும் வரக்கூடியது. நம் பகுதியிலே பனையாலும் தென்னையாலும் விழுந்த தொழிலாளர், மாங்காய்க்கு ஏறி விழுந்த பிள்ளைகள், கிணறு இறைக்கப்போய் உள்ளே விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிளோடு மதகில் மோதிய வாலிபர்கள் என்று பலரைக் காண்கிறோம். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற யுத்தத்திலே ஷெல் துண்டும் சன்னமும் முதுகிற் பாய்ந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் வாழ்கிறார்கள். அன்று இருபது வயதாயிருந்தவர்களுக்கு இன்று முப்பத்தைந்தும் கடந்துவிட்டது. அவர்களைத் தூக்கி வைத்துப் பராமரித்த தாய்மார் முதுமை எய்திவிட்டார்கள். உலகம் முழுவதிலும் இவ்விதம் வாழ்பவர்கள் 150 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது.

இந்த இடத்தில் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இது விஷயத்துக்குச் சற்று வெளியேயானது. மரத்தால் விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடக்கி ஏற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் வரும், பணம் கேட்கமாட்டார்கள். அதுவரை அவரை அசைக்க வேண்டாம். அசைத்தே தீரவேண்டுமெனில் தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேரில் இருக்க, நாலைந்து பேர் ஒருமிக்கப் பிடித்துப் பலகையில் ஏற்றுங்கள். அரைகுறையாய்ப் பாதிக்கப்பட்ட நரம்பை முழுதாய் அறுத்துவிடுவது பெரும்பாலும் தூக்குபவரின் அவசரமே.

முதலாம் உலக யுத்தகாலத்தில் இவ்வாறு காயமுற்ற போர்வீரர்களிற் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துபோயினர். வைத்தியர்களே கையை விரித்த காலம் அது. இந்நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன் என்பவர். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 1939 இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத வைத்தியர். 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஸ்டோக் மண்டெவில் ஆஸ்பத்திரியிலே இவர்களுக்கெனத் தனி விடுதி ஒன்றை ஆரம்பித்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்துவது, சிறுநீர்ப்பையையும் குடலையும் ஒழுங்காக வெறுமையாக்குவது, பின்பு தொழிலும் விளையாட்டும் பழக்குவது என்பன அவர் கையாண்ட வழிகள். 1948 இல் அவர் அங்கே நடத்திய வில்வித்தைப் போட்டியே பிற்காலத்தில் பராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது. அந்தப் போட்டியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வில்லை ஏந்துமுன் அன்று காலையில் மலசலகூடத்தில் நிறைவேறியிருக்க வேண்டிய கருமத்தைப் பற்றி எழுதுவார்தான் இல்லை.

இனி உடம்பின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். இதை விளங்கிக்கொண்டாற் பின்னே சொல்வன எல்லாம் தாமாகவே விளங்கும்.

முள்ளந்தண்டு என்பது எலும்புத் தொடர். அதனுள்ளே மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கயிறே முண்ணாண். அது முள்ளந்தண்டின் அடிவரை போவதில்லை. இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிந்து, அதன்கீழ் குதிரைவால் போல நரம்புகளாகப் பிரிந்து தொங்குகிறது. முண்ணாணின் அந்த நுனியிலேதான் மலவாசலை ஆளும் நிலையம் இருக்கிறது. குடலுக்கு இதைவிடத் தனக்கென ஒரு நரம்பு வலையும் உண்டு. ஆதலால் முண்ணாண் அறுந்தாலும் குடல் செத்துப்போவதில்லை; உணவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் மெதுவாகத் தள்ளும். நெடுநேரம் கிடப்பதால் நீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகும். நேர்குடல் நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்கு எட்டாது. பொறு என்ற மூளையின் கட்டளை கீழே இறங்காது.

முறிவு எங்கே என்பதைப் பொறுத்து இரண்டு விதமான நிலைமை உண்டாகிறது. முண்ணாணின் நுனிக்கு மேலே, கழுத்திலோ நெஞ்சிலோ முறிந்தால், கச்சேரி திறந்திருக்கிறது, கொழும்பிலிருந்து வரும் கட்டளை மட்டும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி தன் எண்ணப்படி வேலை செய்யும். மலவாசலின் சுருக்குத்தசை இறுகியே இருக்கும். ஆனால் நேர்குடலைத் தூண்டினால் அது தானாகவே சுருங்கி மலத்தைத் தள்ளும். இதனை மேல்முறிவு என்போம். நுனியோ அதன்கீழுள்ள குதிரைவால் நரம்புகளோ சிதைந்தால் கச்சேரியே இடிந்த கதை. சுருக்குத்தசை தளர்ந்து கிடக்கும். எவ்வளவு தூண்டினாலும் பதில் வராது. இருமினாலும் தும்மினாலும் கசியும். இது கீழ்முறிவு.

விபத்து நேர்ந்த முதற் சில வாரங்களில் எல்லாமே தளர்ந்து கிடப்பதால் எந்த வகை என்று துணிந்து கூற இயலாது. பின்னர் வைத்தியர் கையுறையணிந்து விரலாற் பரிசோதித்துச் சொல்வார். வீட்டுக்குப் போகும்போது "எனக்கு எந்த வகை?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஏனெனில் ஒருவகையினருக்கு அமிர்தமாகும் உபாயம் மற்ற வகையினருக்கு ஆகாது. அடுத்த வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு சொல்லும் புத்திமதி கேடாய் முடிவது இதனாலேதான்.

மேல்முறிவு உடையவரின் ஒழுங்கை முதலிற் சொல்கிறேன். தினந்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே மணிக்குச் செய்ய வேண்டும். நாம் உண்டவுடன் பெருங்குடல் விழித்தெழுந்து அசைவது இயற்கை. ஆகையாற் காலையுணவும் சூடான தேநீரும் முடிந்து 20 அல்லது 30 நிமிடம் கழிந்த வேளை உகந்தது. மாலையில் வசதியெனில் மாலையிற் செய்யலாம். மணியை மட்டும் மாற்றலாகாது. நிலாவாரை மாத்திரை கொடுத்திருந்தால் அது வேலை செய்ய 8 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். காலைக் கருமத்துக்கு முதல் நாள் இரவே விழுங்க வேண்டும்.

இருக்கக்கூடியவர் இருந்தே செய்க. மலம் இறங்கப் பூமியின் ஈர்ப்பு உதவும். இயலாதவர் இடப்பக்கமாகச் சரிந்து படுக்கலாம். முதலில் வயிற்றைத் தடவுங்கள். வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே, பின் இடப்பக்கமாய்க் கீழே, மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில், உள்ளங்கையால் மெதுவாக. பின்பு நகம் வெட்டிய விரலில் கையுறை மாட்டி, வழுக்கும் களிம்பைத் தாராளமாய்ப் பூசி, நேர்குடலிற் கட்டிமலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டே கிளிசரின் அல்லது பிசாகோடில் சொருகுமருந்தை வைத்தல் வேண்டும். மலத்துக்குள்ளே சொருகிய மருந்து வீண். அது குடற்சுவரைத் தொட்டால்தான் வேலை செய்யும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

பின்னர் விரலால் தூண்டுவது. விரலை மெல்ல உள்ளே விட்டு, சுவரைத் தொட்டபடி 15 முதல் 20 விநாடி வட்டமாகச் சுழற்றினால் சுருக்குத்தசை தளரும், வாயு பிரியும், மலம் இறங்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் சுழற்ற வேண்டாம். 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். இரண்டு தடவை தூண்டியும் ஒன்றும் வராவிட்டால், அல்லது சளி மட்டும் வந்தால், முடிந்தது என்று கொள்க. பலவந்தம் எக்காரணத்தாலும் கூடாது. நோயாளிக்கு வலி தெரியாதென்பது நமக்கு அனுமதிச் சீட்டன்று. வலி தெரியாத உடம்பிலே காயமும் தெரியாது. எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் நாள்தோறும் செல்லுமானால் ஒழுங்கிலே ஏதோ பிழை. வைத்தியரிடமோ தாதியிடமோ சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். கடினமான ஆசனத்தில் நெடுநேரம் இருந்தால் இருப்பிடத்திற் புண் வந்துவிடும். அப்புண் ஆற மாதக்கணக்காகும்.

கீழ்முறிவு உடையவருக்குத் தூண்டுதலாற் பயன் கிடையாது. கையுறையணிந்த விரலால் மலத்தைச் சிறிது சிறிதாக எடுப்பதே வழி. நாளுக்கு ஒருமுறை, சிலருக்கு இருமுறை. இங்கே முக்கியமான வித்தியாசம் ஒன்றைக் கவனியுங்கள். மேல்முறிவினருக்கு மலம் மிருதுவாக இருப்பது நன்று. கீழ்முறிவினருக்குச் சற்றுக் கட்டியாக, எடுக்கக்கூடிய உருவத்தோடு இருக்க வேண்டும். சுருக்குத்தசை தளர்ந்தவருக்கு இளகிய மலம் நிற்குமா? நம் வீடுகளிலே "வயிறு இளகட்டும்" என்று ஆமணக்கெண்ணெய் கொடுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அன்பினாற் கொடுக்கிறார்கள். அன்றைய பகலெல்லாம் அவர் படுக்கையை விட்டு எழும்ப முடியாது.

உணவு விஷயத்திலும் இப்படியே. மலச்சிக்கல் என்றால் கீரையும் தவிடும் எவ்வளவும் தின்னலாம் என்பது பொதுவாக வழங்கும் எண்ணம். அசைவு குறைந்த குடலிலே அளவுக்கு மிஞ்சிய நார் அடைத்துக்கொண்டு நிற்கும், வயிறு ஊதும். தவிட்டரிசிச் சோறு, குரக்கன், முருங்கையிலை, பப்பாசிப்பழம், வாழைப்பழம் எல்லாம் நல்லவையே. சிறிது சிறிதாகக் கூட்டி என்ன நடக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வேண்டும், எனினும் குழாய் இட்டுச் சிறுநீர் கழிப்பவருக்கு அளவு சொல்லப்பட்டிருக்கும், அந்த அளவை மீற வேண்டாம். ஒரே நாளில் உணவையும் மாற்றி, மாத்திரையையும் மாற்றி, நேரத்தையும் மாற்றினால் எதனாற் பலன் வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஒன்றை மாற்றுங்கள், மூன்று தொடக்கம் ஐந்து தடவை வரை கருமம் நடந்த பின்பே அடுத்ததை மாற்றுங்கள். பத்து ரூபாவுக்கும் இருபது ரூபாவுக்கும் கணக்கெழுதும் நாம் இதற்கும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளலாம்: தேதி, மணி, எவ்வளவு நேரம், மலம் எப்படி, இடையிற் கசிந்ததா.

மருந்துகளிலே கோடீன் சேர்ந்த வலிமாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சிறுநீர்ப்பையை அடக்கக் கொடுக்கும் ஒக்சிபியூட்டினின் போன்றவை மலத்தை இறுக்கும். தாமாக நிறுத்தக்கூடாது, ஆனால் சொல்ல வேண்டும்.

ஒரு மயக்கத்தைப் பற்றி எச்சரிக்கை செய்கிறேன். பல நாள் மலம் போகாதவருக்குத் திடீரெனத் தண்ணீராய்ப் போகத் தொடங்கும். வயிற்றோட்டம் என்று எண்ணி அதைக் கட்டும் மாத்திரையைக் கொடுப்பார்கள். உண்மையில் உள்ளே கல்லாய் அடைத்த மலத்தைச் சுற்றி நீர் கசிகிறது. கட்டும் மருந்து அடைப்பை இன்னும் இறுக்கும். வயிற்றோட்டம் போலத் தோன்றினால் முதலில் அடைப்பு உண்டா என்று பரிசோதிக்க வேண்டும். இன்னொன்று: கையுறையிற் சிறிது இரத்தம் கண்டால் மூலமென்று தாமே தீர்மானித்து விட்டுவிடாதீர்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு வரக்கூடிய குடற் புற்றுநோய் இவர்களுக்கும் வரலாம்.

இனிச் சொல்வது உயிருக்கு ஆபத்தான விஷயம். கழுத்திலோ, நெஞ்சின் ஆறாம் முள்ளெலும்பு அளவிலோ, அதற்கு மேலோ முறிந்தவர்களிடம் இது நேரும். நிறைந்த சிறுநீர்ப்பை, அடைத்த குடல், ஒரு புண், ஏன், மடிந்த சீலை கூடக் கீழுடம்பை உறுத்தும். அந்த உறுத்தலை அவர் உணரார். ஆனால் அறுந்த முண்ணாணின் கீழ்ப்பகுதி வெருண்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இரத்த அழுத்தம் விறுவிறென்று ஏறும். தலை வெடிப்பதுபோல் வலிக்கும்; முகமும் கழுத்தும் சிவந்து வியர்க்கும்; மயிர்க்கூச்செறியும்; மூக்கடைக்கும்; நாடி மெதுவாகும். கவனியாவிட்டால் மூளையில் இரத்தம் கசிந்து மரணமும் நேரலாம். குடலை வெறுமையாக்கும் கருமத்தின் நடுவிலேயே இது தொடங்குவதும் உண்டு. அப்படியானால் உடனே நிறுத்துங்கள்.

தலைவலி என்றவுடன் படுக்க வைப்பது நம் வழக்கம். இங்கே அது நேர்மாறு. நிமிர்ந்து இருக்க வையுங்கள், காலைத் தொங்க விடுங்கள், இடுப்புப் பட்டியையும் இறுகிய உடையையும் தளர்த்துங்கள். சிறுநீர்க்குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். அது சரியாயிருந்தால் நேர்குடலைப் பாருங்கள்; விறைக்கச் செய்யும் லிக்னோகெயின் ஜெலியைப் பூசிச் சில நிமிடம் பொறுத்தே விரலை வைக்க வேண்டும். அடங்காவிட்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரி. இவர்களுடைய வழமையான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகையால் 140 என்று கண்டு, பெரிதில்லையே என்று எவரேனும் சொன்னால், "இவருக்கு எப்போதும் 100தான், ஐயா" என்று கூட வந்தவர் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த விபரத்தை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் யார் செய்வது? பெரும்பாலும் மனைவி, இல்லையேல் தாய், சில வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். கை நன்றாக இயங்கும் ஆடவர்கள் கூட இதை மனைவியின் கடமையென விட்டுவிடுவதைக் காண்கிறேன். எனக்கு அது உடன்பாடன்று. கை இயங்குபவர் தாமே பழகிக்கொள்ள வேண்டும். றாகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களிற் பயிற்சி பெறலாம். தாமே செய்யப் பழகியவரின் முகத்தில் ஒரு தெளிவு வரும். கணவனும் மனைவியும் மறுபடி கணவனும் மனைவியுமாக இருப்பார்கள். கை இயங்காதவருக்குப் பிறர் உதவி வேண்டும். அப்போது கதவைச் சாத்துங்கள், சீலையால் மூடுங்கள், அவர் தலைக்கு மேலே அயலவரோடு கதை பேசாதீர்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருடையது. எவ்வொழுங்கும் பயன்படாதவர்களுக்கு மலவாசல் வழியே நீர் செலுத்திக் கழுவும் கருவியும், வயிற்றிலே வாயில் அமைக்கும் கொலொஸ்டமிச் சத்திரசிகிச்சையும் உண்டு. சத்திரசிகிச்சை என்றதும் பெரியவர்கள் கலங்குகிறார்கள். செய்துகொண்டவர்களிற் பலரோ, இழந்த மணித்தியாலங்கள் திரும்பக் கிடைத்தன என்கிறார்கள்.

கடைசியாகச் சங்கத்து வாலிபர்கள் செய்யக்கூடிய வேலையைச் சொல்கிறேன். நம் வளவுகளிலே மலசலகூடம் கிணற்றுக்கு எட்டத்தில், கொல்லைக் கோடியில் இருக்கும். வழியெல்லாம் மணல், வாசலில் இரண்டு படி, கதவு இரண்டடி அகலம், உள்ளே குந்தியிருக்கும் குழி. சக்கர நாற்காலியின் அகலமே இரண்டடிக்கு மேல். அவர் எப்படிப் போவார்? மூன்றடி அகலத்தில் சீமெந்துப் பாதை, மூன்றடிக் கதவு, ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளமாய்ச் சாய்தளம், அதாவது ஆறங்குலப் படிக்கு ஆறடி, சுவரிலே பிடிக்க இரும்புக் குழாய். குழியின் மேல் வைக்க நடுவில் துவாரமுள்ள உறுதியான கதிரை. அதன் விளிம்புக்குத் தடித்த ஸ்பொஞ்சு வைத்து றெக்சின் தைக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையை வெட்டித் துவாரமிட்டு அப்படியே கொடுக்காதீர்கள். வெட்டிய விளிம்பு தோலைக் கிழித்துவிடும். ஒரு தச்சரும் ஒரு மேசனும் நாலு வாலிபரும் இரண்டு சனி ஞாயிறுகளில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

நமது விளையாட்டு விழா காலை எட்டு மணிக்கு ஆரம்பமாகிறது. எட்டு மணிக்கு அவர்கள் கருமம் முடிந்திராது. பத்து மணிக்கு வைத்தால் இவ்வூரிலுள்ள இரண்டொருவராவது வரக்கூடும். இதைத் தலைவரவர்கள் நிர்வாக சபையில் எடுத்துப் பேச வேண்டுகிறேன். கேள்விகள் இருப்பின் இப்போது கேளுங்கள். தாய்மார் தனியே கேட்க விரும்பினால், கூட்டம் முடிந்தபின் வாசிகசாலை அறையில் இருப்பேன்.